வெடிமருந்தும் ஒரு பாடமே



தலைப்பைக் கண்டு திகைக்க வேண்டா. தமிழ்ப்பள்ளியில் அறிவியலும் கணிதமும் கற்பிக்கும் ஆசிரியை ஒருத்தி வெடிமருந்தைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. சென்ற தீபாவளி விடுமுறைக்குப் பிறகு எங்கள் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் வலக்கையில் கட்டுடன் வந்தான். சிறு பட்டாசுகள் பலவற்றைப் பிரித்து, உள்ளிருந்த மருந்தை ஒரு தகர டப்பாவில் சேர்த்திருக்கிறான். சேர்த்துக்கொண்டிருக்கும்போதே அது பற்றிக்கொண்டது. உள்ளங்கை வெந்துவிட்டது, இரண்டு விரல்கள் இன்னும் முழுதாக மடங்கவில்லை. கண்கள் தப்பியது அவனுடைய பெற்றோர் செய்த புண்ணியம்.

ஆசிரியர் அறையில் இதைப் பற்றி இரண்டு கருத்துகள் எழுந்தன. வெடிமருந்து என்னும் சொல்லையே வகுப்பில் எடுக்கக்கூடாது, எடுத்தால் பையன்களுக்கு ஆசை வரும் என்றனர் சிலர். சொல்லாமல் விட்டதனால்தான் அவன் தானே தெரிந்துகொள்ளப் போனான் என்றனர் வேறு சிலர். நான் இரண்டாவது அணியைச் சேர்ந்தவள். ஆயினும் என்ன சொல்வது, எவ்வாறு சொல்வது என்பது அப்போது எனக்குத் தெளிவாக இல்லை. அந்தத் தெளிவு நான் எதிர்பாராத ஓர் இடத்தில், ஆஸ்திரேலியாவில் ஒரு செம்மறியாட்டுப் பண்ணையின் கொட்டகையில் கிடைத்தது.

என் பெரியப்பா மகன், எனக்கு மூத்தவர், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் தென்கோடியில் மர்ரே ஆற்றங்கரைப் பகுதியில் கால்நடை மருத்துவராக இருக்கிறார். கடந்த ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் அண்ணன் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். நமக்கு வெயில் கொளுத்தும் மாதம் அவர்களுக்குக் குளிர்காலம். காலையில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். ஆடுகள் குட்டி ஈனத் தொடங்கும் பருவமும் அதுதான். ஈன்ற குட்டிகளை இரவில் நரி தூக்கிக்கொண்டு போகும். முயல்கள் புல்லை வேரோடு மேய்ந்து நிலத்தைக் கெடுக்கும்.

இந்த நரியும் முயலும் அந்த மண்ணுக்கு உரியவை அல்ல. 1859 ஆம் ஆண்டில் தாமஸ் ஆஸ்டின் என்னும் நிலக்கிழார், இங்கிலாந்திலிருந்து வந்த ஏறத்தாழ இரண்டு டஜன் முயல்களை விக்டோரியா மாநிலத்தில் உள்ள தம் பார்வன் பார்க் பண்ணையில் வேட்டைப் பொழுதுபோக்குக்காக விட்டார். அவை பல்கிப் பெருகிக் கண்டத்தின் பெரும்பகுதியை நிறைத்துவிட்டன. நரியையும் வேட்டைக்காகவே கொண்டுவந்தார்கள். அந்த விளையாட்டின் விலையை இன்று வரை விவசாயிகள் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே அங்கே உழவரிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருப்பது, நம் ஊர்த் தோட்டக்காரரிடம் பாராங் கத்தி இருப்பது போன்றது.

அண்ணனின் அண்டை நிலத்துக்காரர் எழுபது வயதைக் கடந்தவர். தமக்கு வேண்டிய தோட்டாக்களைத் தாமே நிரப்பிக்கொள்வார். சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கூட்டை எறிவதில்லை. அதைத் துடைத்து, அளவு திருத்தி, புதிய பிரைமர் பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, புதிய குண்டைச் செருகி மீண்டும் பயன்படுத்துவார். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அமெரிக்காவிலும் பலருக்கு இது சட்டத்துக்கு உட்பட்ட கைத்தொழில். ஆஸ்திரேலியாவில் உரிமம் பெற்றவர்கள் செய்வது. நம் நாட்டில் நிலைமை வேறு. 1960 ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டமும் 1957 ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் இங்கே மிகக் கடுமையானவை. உரிமமின்றித் தோட்டாவோ வெடிமருந்தோ செய்வது குற்றம். எனவே இக்கட்டுரையில் செய்முறையும் அளவும் இரா. அவர் எப்படிச் சிந்தித்தார் என்பதை மட்டும் எழுதுகிறேன். எனக்குப் பயன்பட்டதும் அதுதான்.

"உன் தங்கை ஆசிரியை என்கிறாயே, வந்து பார்க்கட்டும்" என்று அவர் அண்ணனிடம் சொல்லியிருந்தார். கொட்டகைக்குள் நுழைந்ததும் மூன்று விதிகளைச் சொன்னார். மேசையில் எதையும் தொடக்கூடாது. அவர் நிறுக்கும்போது பேசக்கூடாது. கேள்விகளைச் சேர்த்துவைத்து, தராசை மூடிய பிறகு கேட்க வேண்டும். எங்கள் பயிற்சிக் கல்லூரியில் அறிவியல் அறை விதிகளைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். இவரிடம் அவை உடம்பிலேயே ஊறியிருந்தன. மேசையின் மேல் ஒரே ஒரு மருந்துக் குப்பிதான் இருந்தது. மற்றவை மரப்பெட்டிக்குள் பூட்டியிருந்தன. வேலை நடக்கும்போது மேசையில் இரண்டு குப்பி இருக்கக்கூடாது என்பது அவர் வழக்கம். இரண்டு இருந்தால் கை தவறும். தவறினால் கண்டுபிடிக்க முடியாது என்றார்.

அவருடைய துப்பாக்கி .222 ரெமிங்டன் வகை. 1950 ஆம் ஆண்டில் அறிமுகமான தோட்டா அது. அதற்குரிய குண்டு மிகச் சிறியது, மிக இலேசானது. குண்டின் எடையையும் மருந்தின் எடையையும் கிரெயின் என்னும் பழைய அலகில் சொல்கிறார்கள். ஒரு பவுண்டில் 7000 கிரெயின். தானிய மணியின் எடையிலிருந்து பிறந்த அளவு அது. ஒரு கிரெயின் என்பது 0.0648 கிராம். நம் பொற்கொல்லர்கள் பயன்படுத்திய குன்றிமணி ஏறத்தாழ 0.12 கிராம், அதில் பாதிதான் ஒரு கிரெயின். அன்று அவர் எடுத்துவைத்திருந்த குண்டுகள் 40 கிரெயினும் 50 கிரெயினும் எடையுள்ளவை. அதாவது 2.6 கிராமும் 3.2 கிராமும். உள்ளங்கையில் வைத்தால் எடை தெரியவே இல்லை.

இவ்வளவு இலேசான குண்டு எதற்கு என்று கேட்டேன். வேகத்துக்காக என்றார். அது விநாடிக்கு 900 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் போகும். பாதை அதிகம் வளையாமல் ஏறத்தாழ நேராக இருக்கும். இன்னொரு காரணமும் சொன்னார். மெல்லிய உறையுள்ள இந்தக் குண்டு பட்ட இடத்திலேயே சிதறிவிடும். கனமான குண்டைப்போலத் தரையில் பட்டுத் தெறித்து அடுத்த வயலில் நிற்கும் ஆட்டையோ ஆளையோ தாக்கும் வாய்ப்புக் குறைவு. நரிக்கும் வலி நீடிக்காது. குறைவு என்றாரே தவிர இல்லை என்று சொல்லவில்லை. பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் எந்தக் குண்டையும் சுட மாட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னார்.

அடுத்து நான் கேட்டது, எங்கள் பள்ளி மாணவன் கேட்க விரும்பிய கேள்வியேதான் என்று பிறகுதான் தெரிந்தது. "வெடிமருந்து எல்லாம் ஒன்றுதானே? எதற்கு இத்தனை குப்பிகள்?"

அவர் விறகை எடுத்துக்காட்டாகச் சொன்னார். நமக்கும் அது புரியும். பொங்கல் அடுப்பில் முதலில் சுள்ளியை வைக்கிறோம். குப்பென்று பற்றிச் சட்டென்று தீர்கிறது. பிறகு பிளந்த விறகு, நின்று எரிகிறது. பெரிய கட்டை இரவெல்லாம் கனன்றுகொண்டிருக்கும். மூன்றும் ஒரே மரம்தான். காற்றோடும் தீயோடும் தொடும் பரப்பு எவ்வளவு என்பதே வேறுபாடு. வெடிமருந்திலும் தீ மேற்பரப்பிலிருந்து உள்நோக்கிச் செல்கிறது. மணியின் அளவும் வடிவமும் மாறினால் எரியும் வேகமும் மாறும்.

ஊர் திரும்பிய பிறகு இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்பதால் சுருக்கமாகத் தருகிறேன். வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்த கரிய மருந்து ஏறத்தாழ ஒன்பதாம் நூற்றாண்டில் சீனத்தில் தோன்றியது. ஐரோப்பாவில் முதலில் அது மாவாகவே இருந்தது. தூக்கிச் சென்றால் குலுங்கிக் கலவை பிரியும்; இறுக்கி அடைத்தால் தீ உள்ளே பரவாது. பதினைந்தாம் நூற்றாண்டு வாக்கில் அதை ஈரப்படுத்தி மணிமணியாக்கும் முறை பரவியது. மணிகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் தீ சீராகப் பரவியது. சிறு துப்பாக்கிக்கு நொய் போன்ற மணி, பீரங்கிக்குப் பருத்த மணி என்று தேர்ந்தெடுக்கும் பழக்கமும் வந்தது. மருந்தைத் தேர்ந்தெடுப்பது என்பது அன்றே தொடங்கிவிட்டது.

1846 ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஷோன்பைன் என்னும் வேதியியல் பேராசிரியர் பருத்தியை அமிலங்களில் பதப்படுத்தி, புகையின்றி எரியும் பொருளை உண்டாக்கினார். கரிய மருந்தைவிட வலிமை மிக்கது. உலகமே வியந்தது. ஆனால் அதன் வேகத்தை அடக்க எவருக்கும் வழி தெரியவில்லை. மறு ஆண்டே, 1847 இல், இங்கிலாந்தின் ஃபேவர்ஷாம் நகரில் அதைத் தயாரித்த ஆலை வெடித்து ஏறத்தாழ 20 தொழிலாளர்கள் மாண்டனர். வலிமை கைக்கு வந்த பிறகும் அதைக் கட்டுப்படுத்தும் அறிவு வர 38 ஆண்டுகள் ஆயின. 1884 இல் பிரான்சு நாட்டின் போல் வியேய் அந்தப் பருத்தியைக் கரைப்பானில் குழைத்துக் களியாக்கி, தகடாக உருட்டி, சிறு துண்டுகளாக வெட்டினார். பஞ்சின் நுண்துளைகள் மறைந்து கெட்டியான துண்டானதும், தீ வெளிப்பக்கத்திலிருந்து அடுக்கடுக்காகச் செல்லத் தொடங்கியது. துண்டின் கனத்தை மாற்றினால் வேகத்தை மாற்றலாம். இன்றைய துப்பாக்கி மருந்துகள் எல்லாவற்றுக்கும் அதுவே அடிப்படை.

அதற்கு முன்பே, 1860களில், அமெரிக்கப் படை அதிகாரி ராட்மன் ஒரு நுட்பத்தைக் கண்டிருந்தார். பெரும் பீரங்கிக்குரிய மருந்தைக் கட்டியாக அழுத்தி, அதில் துளைகள் இட்டார். வெளிப்பக்கம் எரிந்து சுருங்கச் சுருங்க, உள்துளை எரிந்து அகன்றுகொண்டே வரும். ஒரு பக்கம் குறையும் பரப்பை மறுபக்கம் கூடும் பரப்பு ஈடுசெய்கிறது. ஆறாம் ஆண்டு மாணவனுக்குச் சுற்றளவும் பரப்பளவும் கற்பிக்கும்போது நான் சொல்லத் தவிக்கும் செய்தியை ஒருவர் பீரங்கிக்காகச் சிந்தித்திருக்கிறார் என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

முதியவர் தம் குப்பியிலிருந்து சில மணிகளை வெள்ளைத்தாளில் கொட்டிக் காட்டினார். கறுத்த, மெல்லிய குச்சித் துண்டுகள். மாவைக் குழைத்து அச்சில் அழுத்தி நூலாக வரச்செய்து நறுக்குகிறார்கள் என்றார். "எங்கள் வீட்டில் இடியாப்பம் அப்படித்தான் பிழிவோம்" என்று அண்ணன் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். மணிகளின் மேல் பூசிய காரீயத்தால்தான் அந்தக் கருநிறம். அது மின்னேற்றம் தங்காமலும் மருந்து தடையின்றிச் சரியவும் உதவுகிறது. தொடக்கத்தில் தீயின் வேகத்தைத் தணிக்கும் இன்னொரு பூச்சும் உண்டு. இந்த மருந்துகளைச் செய்யும் ஆலை அருகிலுள்ள முல்வாலா என்னும் ஊரிலேயே இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கட்டியது. அங்கே செய்யும் மருந்து அமெரிக்கக் கடைகளில் வேறு பெயரோடு விற்பனையாகிறது.

சரி, இலேசான குண்டுக்கு எந்த மருந்து? இங்கேதான் அவர் சொன்ன விளக்கம் என்னைக் கவர்ந்தது. காலியான மிதிவண்டியைத் தள்ளுவதையும், அரிசி மூட்டை ஏற்றிய தள்ளுவண்டியைத் தள்ளுவதையும் எண்ணிப் பாருங்கள். காலி வண்டி தொட்டவுடன் ஓடிவிடும். மெதுவாகத் தள்ள நினைத்தால் உங்கள் கைக்கு அகப்படாமல் முன்னே போய்விடும். மூட்டை வண்டியை ஒரேயடியாக மோதித் தள்ளினால் உங்கள் தோள்தான் நோகும். நின்று நிதானமாக, விசையைக் கூட்டிக்கொண்டே தள்ள வேண்டும்.

குழலுக்குள்ளும் அதுவே நடக்கிறது. இலேசான குண்டு உடனே நகர்ந்துவிடும். அது நகர நகர அதன் பின்னால் இடம் பெரிதாகிறது. வாயு விரிய இடம் கிடைத்தால் அழுத்தம் குறையும். ஆகவே அதற்கு விரைந்து எரியும் மருந்து வேண்டும். மெல்ல எரியும் மருந்தைப் போட்டால் அழுத்தம் சரியாக ஏறாது. எரியாத மணிகள் குழல் வாயிலிருந்து தீப்பிழம்பாக வெளியேறி வீணாகும். ஒரு தோட்டாவுக்கும் மறு தோட்டாவுக்கும் வேகம் ஒத்திராது. கனமான குண்டு நகரத் தயங்கும். அதன் பின்னால் விரைந்து எரியும் மருந்தை அளவு மீறிப் போட்டால், குண்டு இடம் விடுவதற்குள் அழுத்தம் உச்சிக்கு ஏறித் துப்பாக்கியே பிளக்கலாம்; பிடித்திருப்பவரின் முகமும் கையும் சிதையலாம். இத்தனையும் நடந்து முடிய ஏறத்தாழ ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். திருத்திக்கொள்ள அவகாசமே இல்லை. திருத்தம் எல்லாம் மேசையிலேயே முடிந்திருக்க வேண்டும்.

அவர் தம் சிறிய கூட்டுக்கும் இலேசான குண்டுக்கும் ஏ.ஆர். 2207 என்னும் மருந்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். பெட்டிக்குள் 2206எச், 2208, 2209 ஆகியவையும் இருந்தன. எண் கூடக் கூட வேகம் குறையும் போலும் என்றேன். தலையை அசைத்து மறுத்தார். 2207, 2206எச் ஐ விட விரைவானது. எண் வரிசையும் வேக வரிசையும் ஒன்றல்ல. அதைவிட நுட்பம்: ஏ.ஆர். 2206 என்றும் ஏ.ஆர். 2206எச் என்றும் இரு பெயர்கள் உண்டு. கடைசி எழுத்து ஒன்றுதான் வேறுபாடு. இரண்டும் வெவ்வேறு மருந்துகள். ஒன்றுக்குரிய அளவை மற்றொன்றுக்குப் போடக்கூடாது. பல்லியும் பள்ளியும் ஒன்றா என்று வகுப்பில் ஆண்டுதோறும் கேட்கிறவள் நான். ஓர் எழுத்தில் உயிர் தொங்கும் இடம் ஒன்றை அன்று கண்டேன்.

தேர்வுக்கு அவர் வைத்திருந்த அளவுகோல்களை என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். முதலாவது, மருந்து ஆலையின் கையேட்டில் இந்தக் கூட்டுக்கும் இந்தக் குண்டின் எடைக்கும் அதன் பெயர் இருக்க வேண்டும். கையேட்டில் இல்லாத சேர்க்கையை அவர் முயல்வதே இல்லை. இரண்டாவது, உரிய அளவு மருந்து கூட்டைப் பெரும்பாலும் நிரப்ப வேண்டும். பாதிக் கூடு மட்டுமே நிரப்பும் மருந்தாக இருந்தால், கவனக்குறைவால் இருமுறை போட்டாலும் தெரியாது. நிரப்பும் மருந்தாக இருந்தால் இரண்டாம் முறை வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். மூன்றாவது, வெயிலிலும் குளிரிலும் அதன் போக்கு அதிகம் மாறக்கூடாது. ஜனவரியில் நாற்பது பாகை செல்சியசு, ஜூனில் உறைபனி என்று இருக்கும் ஊர் அது. நான்காவது, கையேடு சொல்லும் கீழ் அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாக மேலே செல்வது. குறி சீராக விழும் இடத்தில் நின்றுவிடுவது. உச்ச அளவு வரை போக வேண்டும் என்ற ஆசை அவரிடம் இல்லை. "நரிக்கு அந்த வித்தியாசம் தெரியாது" என்றார்.

நான் அங்கிருந்தபோது ஒரு நிகழ்ச்சி நடந்தது. பக்கத்து ஊரில் அண்மையில் காலமான நண்பரின் மனைவி, கணவரின் பொருள்களை ஒதுக்கும்போது கிடைத்த ஒரு மருந்துக் குப்பியைக் கொண்டுவந்து கொடுத்தார். முக்கால் பங்கு இருந்தது. சீட்டு ஈரத்தில் ஊறிக் கிழிந்துபோயிருந்தது. "அவருக்குப் பிடித்த மருந்து, நீங்கள் பயன்படுத்துங்கள்" என்று சொன்னார். அந்த அம்மையாருக்கு நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். அவர் போன பிறகு குப்பியைத் திறந்து தாளில் சில மணிகளைக் கொட்டினார். தம்முடைய மருந்தையும் பக்கத்தில் கொட்டினார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. அதே நிறம், அதே குச்சி வடிவம்.

"உங்களுக்கு வேறுபாடு தெரிகிறதா?" என்று கேட்டேன்.

"ஐம்பது ஆண்டாகப் பார்க்கிறேன். எனக்கும் தெரியவில்லை. தெரிகிறது என்று சொல்கிறவனை நம்பாதே" என்றார்.

அன்று மாலை குப்பியை வெட்டவெளிக்குக் கொண்டுபோய், ஈரத் தரையில் சிறிது சிறிதாக மெல்லிய படலமாகப் பரப்பி எரித்து முடித்தார். திறந்த வெளியில் அது வெடிக்கவில்லை. மஞ்சள் தீ சீறலுடன் ஓடி அணைந்தது. அடைபட்ட இடத்தில் இதே பொருள் என்ன செய்யும் என்பதை எண்ணிக்கொண்டே நின்றேன். நண்பரின் நினைவுப் பொருள். கடையில் நல்ல விலை பெறும். பெயர் தெரியாது என்ற ஒரே காரணத்துக்காக எரித்துவிட்டார். முகத்தில் வருத்தம் இருந்தது, தயக்கம் இல்லை.

என் மாணவனை நான் அப்போது நினைத்தேன். டப்பாவில் அவன் சேர்த்ததும் பெயர் தெரியாத மருந்துதான். பட்டாசுக்குள் இருப்பது அந்த முதியவரின் மருந்து போன்றதன்று. உரசினாலே, ஏன், தகரத்தில் ஆணியால் சுரண்டினாலே பற்றிக்கொள்ளும் வேறு கலவைகள் அவை. ஒரு பட்டாசில் இருப்பதும் மற்றொன்றில் இருப்பதும் ஒன்றல்ல. ஐம்பது ஆண்டு பழகியவர் கண்ணால் பார்த்துச் சொல்ல மறுத்ததை, பதினொரு வயதுப் பையன் கண்ணால் பார்த்து ஒன்றென்று நம்பினான்.

ஊர் திரும்பியபின் அவனை அழைத்துப் பேசினேன். இப்போது அவன் ஆறாம் ஆண்டு. கடிந்துகொள்ளப் போகிறேன் என்று நினைத்து ஒரு மூலையில் ஒட்டி நின்றான். "எதற்குப் பிரித்தாய் ஐயா?" என்று கேட்டேன். நெடுநேரம் கழித்துச் சொன்னான்: "மத்தாப்பு மெதுவா எரியுது, பட்டாசு டப்புன்னு வெடிக்குது. உள்ள ஒரே மருந்தா, வேற வேறயான்னு பார்க்கத்தான் டீச்சர். அண்ணன்கிட்ட கேட்டேன். போய்ப் படிடான்னு சொல்லிட்டாரு."

நண்பர்களே, இது குறும்பு அன்று. ஷோன்பைனுக்கும் வியேய்க்கும் இடையே உலகம் 38 ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி இது. விடை சொல்ல ஆளில்லாமல், இரண்டு விரல்களை விலையாகக் கொடுத்திருக்கிறான்.

மறுவாரம் வகுப்பில் வெடிமருந்தைக் கொண்டுவராமலே அந்தப் பாடத்தை நடத்தினேன். ஒரே எடையுள்ள கட்டிச் சர்க்கரை, சாதாரணச் சர்க்கரை, பொடித்த சர்க்கரை மூன்றையும் மூன்று குவளை நீரில் ஒரே நேரத்தில் போட்டு, கரையும் நேரத்தைக் குறித்தோம். பொடி உடனே மறைந்தது. கட்டி நெடுநேரம் நின்றது. பிறகு ஒரு கட்டியைத் துண்டுகளாக உடைத்துப் போட்டு, இடைப்பட்ட வேகம் வருவதைக் கண்டார்கள். பொருள் ஒன்றே, பரப்பு மாறினால் வேகம் மாறும் என்று அவர்களே சொன்னார்கள். அதன் பிறகு விறகையும் இடியாப்பத்தையும் ஆஸ்திரேலிய முதியவரையும் சொன்னேன். இறுதியாக, வெள்ளைத் தூள்கள் இரண்டைத் தட்டில் வைத்து, எது உப்பு, எது சர்க்கரை என்று தொடாமல் நுகராமல் சொல்லச் சொன்னேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. "இதையே பார்த்துச் சொல்ல முடியவில்லை என்றால் பட்டாசு மருந்தை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டதும் அமைதியானார்கள். அந்த மாணவன் தன் கையை மேசைக்கு அடியில் வைத்திருந்தான். சற்று நேரத்தில் அதை மேலே எடுத்து வைத்தான். மற்றவர்கள் பார்த்தார்கள், அவன் மறைக்கவில்லை.

அவனுடைய தாயார் ஒருநாள் பள்ளிக்கு வந்தார். "வீட்டில் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை டீச்சர், எனக்குப் பயமாக இருக்கிறது" என்றார். அவர் அச்சம் எனக்குப் புரிகிறது. கை வெந்த பிள்ளையை ஏந்திக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியவர் அவர், நான் அல்லேன். ஆயினும் அச்சம் பெற்றோரிடம் இருந்தால் போதாது. காரணம் பிள்ளையிடம் இருக்க வேண்டும் என்று சொன்னேன். "தொடாதே" என்பது நாம் பக்கத்தில் இருக்கும்வரைதான் வேலை செய்யும். "இது என்னவென்று உனக்குத் தெரியாது, தெரியாததை ஒன்றாகச் சேர்க்காதே" என்பது நாம் இல்லாதபோதும் உடன் வரும். அவர் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. யோசிக்கிறேன் என்று சொல்லிச் சென்றார். அதுவே நல்ல விடை என்று எண்ணுகிறேன்.

தீபாவளியும் நோன்புப் பெருநாளும் சீனப் புத்தாண்டும் ஆண்டுதோறும் வரும் நாடு நம்முடையது. மூங்கில் பீரங்கி, கார்பைடு வேட்டு என்று கம்பத்துப் பிள்ளைகளும் தாமான் பிள்ளைகளும் கேள்விப்பட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். ஆகவே பெற்றோர்களுக்கு என் பணிவான வேண்டுகோள்கள் சில. வெடிக்காமல் போன பட்டாசை எடுக்கவோ பிரிக்கவோ விடாதீர்கள். நீரில் நனைத்து அப்புறப்படுத்துங்கள். பிள்ளைகளின் மேசையிலும் மெத்தைக்கு அடியிலும் தகர டப்பா இருந்தால் என்னவென்று கேளுங்கள். அதட்டிக் கேட்டால் அடுத்த முறை ஒளித்துவைப்பான் என்பதை மறவாதீர்கள். வேட்டு செய்யும் படங்களைக் கைப்பேசியில் பார்க்கிறான் என்றால் உடனிருந்து பாருங்கள். அதில் காட்டாமல் விடுவது எது என்று அவனையே கேளுங்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று. அளவை அலகு கற்பிக்கும்போது மில்லிகிராமையும் கிராமையும் வெறும் மாற்றுக் கணக்காக முடித்துவிடாதீர்கள். குன்றிமணியில் பாதி எடை கூடினாலும் குறைந்தாலும் கவலைப்படும் ஒரு முதியவர் உலகில் இருக்கிறார் என்று சொல்லுங்கள். தராசைத் தொடுமுன் சுழியத்தில் இருக்கிறதா என்று அவர் ஒவ்வொரு முறையும் பார்த்தார். நிறுத்ததை எழுதினார். எழுதியதை மீண்டும் படித்தார். மேசையில் ஒரு குப்பிக்கு மேல் வைக்கவில்லை. நம் அறிவியல் அறையில் பிள்ளைகள் இந்த நான்கையும் பழகிவிட்டால், எந்தத் தொழிலுக்குப் போனாலும் விரல்களோடு வீடு திரும்புவார்கள்.

உங்கள் பள்ளியிலோ இல்லத்திலோ இப்படிப்பட்ட கேள்விகளை எவ்வாறு எதிர்கொண்டீர்கள் என்பதை எழுதுங்கள்; பிற ஆசிரியர்களுக்கும் பயன்படும். மீண்டும் ஒரு பதிவில் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை